டஸ்கீகி ஆய்வறிக்கைகளும் அவற்றின் வாசகரும் – ஒரு விமர்சன நோக்கு

மனிதரை ஈடுபடுத்தி நடத்தப்படும் ஆய்வுகளின் ஒழுக்கநெறி பற்றி எழுதுவோர் டஸ்கீகி ஆய்வை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலமாகிய அலபாமாவில், மேக்கன் மாவட்டத்தில், அந்நாட்டின் பொதுச் சுகாதார சேவை 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள் நடத்திய ஆய்வு அது. சிபிலிசு என்னும் பாலியல் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களும், ஒப்பீட்டுக்காக அந்நோயற்ற 201 பேரும் அதிற் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையின்றி விடப்படின் அந்நோய் உடலில் எவ்வாறு முற்றிச் செல்லும் என்பதைச் சாகும்வரை கவனித்து, இறந்தபின் பிரேத பரிசோதனையால் உறுதிசெய்துகொள்வதே ஆய்வின் நோக்கமாயிருந்தது.

இவ்வாய்வு குறித்து இரு தவறான கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. அம்மனிதருக்கு நோய்க்கிருமி ஊசிமூலம் ஏற்றப்பட்டது என்பது ஒன்று. அவ்வாறு நடந்தது அலபாமாவில் அன்று. 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில். வரலாற்றாசிரியர் சூசன் றெவேர்பி பழைய கோவைகளிற் கண்டெடுத்த அச்செய்தி 2010இல் வெளிவந்தது. அக்கொடுமையை நடத்திய ஜோன் கட்லர் பின்னர் டஸ்கீகி ஆய்விலும் பணியாற்றியவர் என்பதால் இரண்டும் மயங்கிப்போயின. மற்றைய கருத்து, டஸ்கீகி ஆய்வு இரகசியமாக நடத்தப்பட்டது என்பது. இதுவே கூடிய கேடு விளைவிப்பது. மறைவிற் செய்தமையால் அநீதி நிகழ்ந்தது, சக அறிஞர் பார்வைக்கு வந்திருந்தால் நிகழ்ந்திராது என்ற முடிவுக்கு அது எளிதில் இட்டுச்செல்கின்றது. இன்றைய ஒழுக்கநெறிக் குழுக்களின் அமைப்புக்கு அடியில் இருப்பதும் இந்த நம்பிக்கையே.

உண்மை வேறு. ஆய்வின் முதல் அறிக்கை 1936இல் வெளிவந்தது. தொடர்ந்து ஒரு டசினுக்கு மேற்பட்ட கட்டுரைகள் மதிப்புமிக்க மருத்துவச் சஞ்சிகைகளில், ஆய்வின் பெயரையும் நோக்கத்தையும் ஒளிக்காமல் அச்சாகின. அவை பல்கலைக்கழக நூலகங்களில் இருந்தன. பேராசிரியர் வாசித்தனர், மாணவர் வாசித்தனர். ஆகவே, கேட்கவேண்டிய கேள்வி இதனை யார் மறைத்தனர் என்பதன்று. இத்தனை பேர் வாசித்தும் கண்ணிற் படாமற்போனது எவ்வாறு என்பதே. அது எழுத்தைப் பற்றியும் வாசகனைப் பற்றியுமான கேள்வி. இலக்கிய விமர்சனம் தனக்குரியதெனக் கொள்ளத்தக்க கேள்வி.

1936ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். 'நீக்ரோ ஆணிடத்துச் சிகிச்சை பெறாத சிபிலிசு' என்று அதனைத் தமிழிற் கூறலாம். இங்கு சிகிச்சை பெறாதது யார்? மனிதன் அல்லன், நோய். மனிதன் அந்நோய் குடியிருக்கும் இடமாக வேற்றுமை உருபொன்றுக்குள் அடங்கிவிடுகின்றான். 'பெறாத' என்ற எச்சமும் கவனிக்கத்தக்கது. தமிழில் இதனை மூவகையாகக் கூறலாம்: சிகிச்சை பெறாத, சிகிச்சை அளிக்கப்படாத, சிகிச்சை பெறாது தடுக்கப்பட்ட. முதலாவதில் ஒரு நிலைமை மட்டுமே உண்டு. இரண்டாவதில் அளிக்கவேண்டிய ஒருவர் உளர் என்பது மறைமுகமாகவேனும் தெரிகின்றது. மூன்றாவதிலேதான் செயலும் செய்தவரும் வெளிப்படுகின்றனர். வைத்தியர்கள் செய்தது மூன்றாவது. உள்ளூர் வைத்தியரிடம் பெயர்ப்பட்டியல் கொடுத்து இவர்களுக்குச் சிகிச்சை செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் படைக்கு ஆள் எடுத்தபோது, நோய் கண்டவருக்குக் கட்டாய சிகிச்சை விதிக்கப்பட்டிருந்தமையால், ஆட்சேர்ப்புச் சபைக்கும் பட்டியல் கொடுத்து விலக்குப் பெற்றனர். பேர்மிங்ஹாம் நகருக்குச் சென்று சிகிச்சை நாடிய ஒருவர் அடையாளங் காணப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டார். நடந்தது மூன்றாவதாயிருக்க, எழுதப்பட்டதோ முதலாவது.

இத்தகைய எழுத்துக்கு ஒரு தத்துவ ஆதாரமும் கற்பிக்கப்பட்டது. இம்மக்கள் எவ்வாறாயினும் சிகிச்சை பெறப்போவதில்லை. ஆகையால் இது பரிசோதனை அன்று, இயற்கையில் உள்ளதை உள்ளவாறு நோக்குதலே என்பது அவ்வாதம். 1978இல் அலன் பிராண்ட் எழுதிய கட்டுரை இவ்வாதத்தைத் திறம்பட உடைத்தது. அவர் கறுப்பின உடல் பற்றிய அக்கால மருத்துவரின் இனவாத முற்சாய்வுகளை முதன்மைப்படுத்துகின்றார். அது சரியே; ஆயினும் போதாது. 'இயற்கை' என்று கூறப்பட்டது என்ன என்பதையும் நோக்கவேண்டும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் றோசன்வால்ட் நிதியத்தின் உதவியுடன் இதே மாவட்டத்தில் நோயைக் கண்டறிந்து சிகிச்சை செய்யும் திட்டம் ஒன்று நடைபெற்றது. சோதிக்கப்பட்டோரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் நோய் காணப்பட்டது; ஏழைக் கிராமத்திலும் சிகிச்சையைக் கொண்டுசெல்ல முடியும் என்பதும் நிறுவப்பட்டது. பின்னர் பொருளாதார மந்தம் வந்தது, பணம் நின்றது, திட்டம் நின்றது. அதன் எச்சத்தின்மீது எழுப்பப்பட்டதே டஸ்கீகி ஆய்வு. ஆக, வைத்தியர்கள் இயற்கை என்றது ஒரு வரவுசெலவுத் தீர்மானத்தின் விளைவையே. பருத்தி வயல்களிற் பிறர் நிலத்தை வாரத்துக்குச் செய்து, ஆண்டு முடிவிற் கடனாளியாக எஞ்சும் மனிதனின் வறுமை அவ்வைத்தியருக்கு மழை, வெயில் போன்றதொன்றாகத் தோன்றியிருக்கின்றது.

அறிக்கைகளின் மொழி இதுவாயின், அம்மனிதரிடம் பேசப்பட்ட மொழி வேறாயிருந்தது. சிபிலிசு என்ற சொல் அவர்களிடம் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று அவ்வூரார் பல நோய்களுக்கும் பொதுவாக வழங்கிய சொல்லே பயன்படுத்தப்பட்டது. முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கவேண்டிய கட்டம் வந்தபோது, அதனை விசேட இலவசச் சிகிச்சை எனவும், இது கடைசிச் சந்தர்ப்பம் எனவும் கூறிக் கடிதம் அனுப்பப்பட்டது. வேதனை மிகுந்த, நோயாளருக்கு எவ்விதப் பயனுமில்லாத அச்சோதனையைச் சிகிச்சை என எழுதியவர்களே சஞ்சிகைகளிற் சிகிச்சை பெறாதோர் என்றும் எழுதினர். ஒரே கை எழுதிய இவ்விரு வகை எழுத்தும் ஒரே மேசையில் ஒருசேர வைக்கப்பட்டிருந்தால் ஆய்வு ஒரு நாளும் நிலைத்திராது. ஆனால் சஞ்சிகையின் வாசகனுக்குக் கடிதம் கிட்டவில்லை; கடிதத்தைப் பெற்றவனுக்குச் சஞ்சிகை கிட்டவில்லை.

அறிக்கைகளுள் விமர்சகன் நின்று நிதானித்து வாசிக்கவேண்டியது 1953இல் வெளியான ஒன்று. ஆய்வின் தாதியாகிய யூனிஸ் றிவேர்ஸ் முதல் ஆசிரியராகவும், வேறு மூவர் இணையாசிரியர்களாகவும் எழுதியது. நீண்டகால ஆய்வொன்றில் இருபது ஆண்டுகள் மனிதரைத் தொடர்ந்து வைத்திருப்பது எவ்வாறு என்பதே அதன் பொருள். ஏனைய அறிக்கைகளில் இதயமும் இரத்தக்குழாயும் மட்டுமே உள்ளன; இதில் மனிதர் உளர். பரிசோதனை நாளில் அரசாங்க வாகனத்தில் ஏறிச் செல்வதில் அவர்கள் கொண்ட பெருமையும், அன்று கிடைத்த சூடான உணவும், அஸ்பிரின் முதலிய சில்லறை மருந்துகளும் பேசப்படுகின்றன. அடக்கச் செலவுக்கென மில்பாங்க் நிதியம் வழங்கிய 50 டொலரே எல்லாவற்றினும் வலிய கவர்ச்சியாயிருந்தது. வசதியற்ற குடும்பத்துக்கு மரியாதையான அடக்கம் எத்துணை பெரிது என்பதை றிவேர்ஸ் நன்கு அறிந்திருந்தார். அதற்குக் கைம்மாறாகவே உடலை அறுத்துப் பார்க்கும் அனுமதி பெறப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுள் ஒன்றே மறுத்தது என்பது ஒரு வெற்றியாகவே அக்கட்டுரையிற் பதிவாகியுள்ளது.

றிவேர்ஸும் கறுப்பினத்தவர். அம்மக்களைப் பெயர் சொல்லி அறிந்தவர். நோயுற்றபோது வீடு சென்று பார்த்தவர். இறந்தபோது அடக்கத்துக்குச் சென்று குடும்பத்தினரோடு அமர்ந்திருந்தவர். அவரது பரிவு போலியானதென்று கூற ஆதாரமில்லை. கட்டுரையின் பயங்கரம் அவ்விடத்தேதான் உளது. பரிவே ஆய்வின் கருவியாகின்றது. அன்பான தாதியொருத்தி இல்லாவிடின் 600 பேரை நாற்பது ஆண்டுகள் கட்டிவைத்திருக்க முடியாது என்பதைக் கட்டுரை தன்னை அறியாமலே நிறுவுகின்றது. ஆய்வாளனின் நல்லுள்ளமே ஆய்வுக்குட்படுவோருக்குச் சிறந்த காப்பு என்று வாதிடுவோர் இக்கட்டுரையை வாசித்தல் நன்று.

அவ்வாறு வாதிட்டவருள் ஹென்றி பீச்சர் தலையாயவர். ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய அவர் 1966இல் எழுதிய கட்டுரை, முன்னணி நிறுவனங்களில் நடந்த ஒழுக்கக்கேடான ஆய்வுகளுக்கு 22 உதாரணங்களை எடுத்துக்காட்டி மருத்துவ உலகைக் கலக்கியது. துணிவான எழுத்து என்பதில் ஐயமில்லை. எனினும், மனச்சாட்சியும் கருணையும் பொறுப்பும் வாய்ந்த ஆய்வாளனே நம்பத்தக்க காப்பு என்பதே அவர் முடிவு. அவரது 22 உதாரணங்களில் டஸ்கீகி இல்லை. முப்பது ஆண்டுகளாக அச்சிலிருந்த ஒன்று, ஒழுக்கக்கேட்டைத் தேடிச் சஞ்சிகைகளைப் புரட்டிய கண்ணுக்கே தென்படவில்லை.

தென்பட்டவர் ஓரிருவர் உளர். 1964இல் ஆய்வின் முப்பதாம் ஆண்டு அறிக்கை வெளிவந்தது. பெனிசிலின் இந்நோய்க்குரிய சிகிச்சையாக நிலைபெற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்துவிட்ட காலம் அது. டிற்றோயிற் நகரின் இளம் இதயநோய் வைத்தியராகிய ஏர்வின் ஷட்ஸ் அதனை வாசித்து, பயனுள்ள சிகிச்சை இருக்கையில் நோயாளரைச் சாகவிடுவதா எனத் தமது திகைப்பைத் தெரிவித்து 1965இல் ஆசிரியருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். பதில் அனுப்புவதில்லை என்ற குறிப்புடன் கடிதம் கோவைக்குட் சென்றது. மற்றையவர் பீற்றர் பக்ஸ்ரன். அவர் வைத்தியர் அல்லர். அரசியல் விஞ்ஞானம் கற்றவர். சான் பிரான்சிஸ்கோவிற் பொதுச் சுகாதார சேவையின் கீழ் நோயாளரைச் சந்தித்து விசாரிக்கும் சாதாரண உத்தியோகத்தர். சக ஊழியரின் பேச்சிற் செய்தி காதில் விழ, அவர் அறிக்கைகளைக் கேட்டெழுதிப் பெற்றார். அவருக்கு வந்துசேர்ந்தவை ஏற்கெனவே அச்சில் வெளிவந்த அதே கட்டுரைகள். பேராசிரியர்கள் இதயத்தையும் இரத்தக்குழாயையும் வாசித்த பக்கங்களில் அவர் நாற்சி வைத்தியரை வாசித்தார். 1966இலும் 1968இலும் மேலதிகாரிகளுக்கு எழுதினார்.

1966இலேயே பொதுச் சுகாதார சேவை ஒரு விதியும் செய்திருந்தது என்பது மனங்கொள்ளற்பாலது. தன்னிடம் ஆய்வு மானியம் பெறும் நிறுவனங்கள், மனிதர்மீதான ஆய்வுகளை முன்கூட்டியே சக அறிஞர் குழுவொன்றின் மதிப்பீட்டுக்கு விடவேண்டும் என்பதே அது. விதி மானியம் பெற்ற பிறருக்கு. தன் வீட்டுக்குள் நடந்ததற்கு அன்று. ஆயினும் பக்ஸ்ரனின் இரண்டாவது கடிதத்தின் பின் டஸ்கீகி ஆய்வும் குழுவின் முன் வந்தது. 1969 பெப்ரவரியில் அற்லாண்டாவில் வைத்தியர்கள் கூடி, ஆய்வைத் தொடர்வதா, சிகிச்சையளிப்பதா என ஆராய்ந்தனர். கறுப்பினத்தவர் ஒருவரேனும் அழைக்கப்படவில்லை. சிபிலிசு நிபுணர் அல்லாத ஜீன் ஸ்ரொலர்மன் மட்டும் இவர்கள் நோயாளர், இவர்களுக்குச் சிகிச்சை உரியது என்ற நிலைநின்று பேசினார். ஏனையோர் தொடர்க என்றனர்.

ஒழுக்கநெறிக் கண்காணிப்பின் வரலாற்றில் உரிய கவனம் பெறாத நிகழ்ச்சி இதுவே. குழு இல்லாமையால் டஸ்கீகி நடந்தது என்பது பாடப்புத்தகக் கூற்று. குழு இருந்தது, கூடியது, ஆராய்ந்தது, அங்கீகரித்தது. மறுத்தவர் துறைக்கு ஓரளவு வெளியே நின்றவர் என்பதும் தற்செயலன்று.

கறுப்பினத்தவர் ஒருவர் அமர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று கூறித் திருப்தியடைவதும் பொருந்தாது. அக்குழு உள்ளூர் ஆதரவைப் பெறவேண்டும் எனத் தீர்மானித்ததும், மேக்கன் மாவட்ட மருத்துவ சங்கம் அணுகப்பட்டது. அப்பொழுது அச்சங்கத்திற் பெரும்பான்மையினர் கறுப்பின வைத்தியர். சங்கம் ஒத்துழைக்க இணங்கியது. ஆய்வுக்குத் தன் பெயரையும் வைத்தியசாலையையும் தந்த டஸ்கீகி நிறுவனமும் கறுப்பின மக்களின் உயர்கல்விக்கென எழுந்த புகழ்பெற்ற கலாநிலையமே. இன ஒடுக்குமுறை ஆய்வின் அத்திவாரம் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அவ்வத்திவாரத்தின்மேல் வர்க்கம் என்னும் சுவரும் எழுந்திருந்தது. படித்த வைத்தியனுக்கும் வாரத்துக்கு உழும் குடியானவனுக்கும் இடையிலிருந்த தூரத்தை நிறமொற்றுமை அழித்துவிடவில்லை. இவ்விடயத்தில் ஜேம்ஸ் ஜோன்ஸ் 1981இல் வெளியிட்ட நூல் பிராண்டின் கட்டுரையை விடத் தெளிவான பார்வையுடையது. தகவல்களை அது மறைக்காது தருகின்றது. முடிவுகளைக் கூறுமிடத்துத்தான் சற்றுத் தயங்குகின்றது.

1972 யூலையில் ஜீன் ஹெல்லர் என்னும் பத்திரிகையாளரின் செய்தி நாடெங்கும் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் வைத்தியர் வாசித்தும் நிற்காத ஆய்வு, பொதுமக்கள் வாசித்த சில மாதங்களில் நின்றது. அவர்களுட் சிலர் தாம் எதன் பகுதியாயிருந்தோம் என்பதை அறிந்துகொண்டதும் அச்செய்தியினாலேயே. வழக்கறிஞர் பிரெட் கிரே தொடுத்த வழக்கு 1974இல் ஏறத்தாழ ஒரு கோடி டொலருடன் இணக்கத்தில் முடிந்தது. அதே ஆண்டில் தேசிய ஆய்வுச் சட்டம் நிறைவேறியது; அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஆணைக்குழுவே பெல்மன்ற் அறிக்கையைத் தயாரித்தது. 1979இல் அரச வர்த்தமானியில் வெளியான அவ்வறிக்கை மனிதர்மீதான ஆய்வுக்கு மூன்று அடிப்படைகளை வகுத்தது: ஆட்களை மதித்தல், நன்மை செய்தல், நீதி. இன்று உலகின் பல பல்கலைக்கழகக் குழுக்கள் இவற்றையே மந்திரம்போல் ஓதுகின்றன.

அறிக்கை செறிவானது, சொற்சிக்கனம் உடையது, தத்துவப் பயிற்சியுள்ளோர் கையாலானது என்பது ஒவ்வொரு பந்தியிலும் தெரிகின்றது. நீதி பற்றிய பகுதியில் டஸ்கீகி பெயர் சுட்டியே குறிப்பிடப்படுகின்றது. ஆனால் அந்நீதி என்னவாக விளக்கப்படுகின்றது? ஆய்வின் சுமையும் பயனும் மக்களிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதாகவும், நடைமுறையில் ஆய்வுக்குட்படுவோரைத் தெரிவுசெய்யும் முறையாகவும் விளக்கப்படுகின்றது. யாரைத் தெரிவது என்ற வினா உண்டு. தெரிபவர் யார், அவரைக் கேள்வி கேட்கவல்லவர் யார் என்ற வினா இல்லை. மேக்கன் மாவட்டத்தான் ஒருவன் அநியாயமாகத் தெரிவுசெய்யப்படக் கூடாதவனாக அவ்வறிக்கையில் இடம்பெறுகின்றான். அறிக்கைகளை வாசித்து மறுக்கத்தக்கவனாக இடம்பெறவில்லை. ஆணைக்குழுவின் 11 உறுப்பினருள் குடியுரிமைப் போராட்டத்தில் நெடுங்காலம் உழைத்த டொறதி ஹைற் போன்றோர் இருந்தனர். நீதியுணர்வுக்குக் குறைவிருந்ததாகக் கூற முடியாது. அறிக்கையின் எழுவாய் எப்பொழுதும் ஆய்வாளனும் குழுவுமே என்பதுதான் குறை.

சம்மதம் பற்றிய பகுதிக்கும் இவ்வாறான மட்டுப்பாடு உண்டு. அறிந்து அளிக்கும் சம்மதம் என்பது 1947இல் நூரம்பேர்க் நீதிமன்றம் வகுத்த பத்து விதிகளில் முதலாவது. அதற்கும் முன்னதாக, 1931இலேயே, ஜெர்மனியில் உள்துறை அமைச்சு சம்மதத்தை வலியுறுத்தும் விதிகளை வெளியிட்டிருந்தது. விதி இருந்தும் முகாம்களில் நடந்தது நடந்தது. நூரம்பேர்க் விதிகளை அமெரிக்க வைத்தியர் காட்டுமிராண்டிகளுக்குரியனவாகவே கருதித் தம்மைச் சாராதனவாக விட்டனர் என ஜே காற்ஸ் பின்னாளிற் சுட்டிக்காட்டினார். டஸ்கீகியிலே சம்மதத்தின் சிக்கல் காலத்தோடு பிணைந்தது. அது முதலிற் சில மாதங்களுக்கெனத் திட்டமிடப்பட்டது. அடுத்த ஆண்டிற் சாவுவரை என நீட்டப்பட்டது. பெனிசிலின் வந்ததும் அதன் பொருளே மாறிற்று. 1932இல் ஒருவன் எல்லாம் அறிந்தே கையொப்பமிட்டிருந்தாலும், 1947இன் பின் அக்கையொப்பம் எதற்கு உரியது? நுழைவாயிலிற் படிவத்தைப் பார்க்கும் குழு, நடுவழியில் உலகம் மாறுவதைக் காண்பதற்கு என்ன ஏற்பாடு? ஆண்டுதோறும் மீளாய்வு என்பது அமெரிக்க விதியின் விடை. அதுவும் அனுப்பப்பட்ட தாளைப் பார்ப்பதே. குறைந்த அபாயமுள்ள ஆய்வுகளுக்கு அதனையும் 2018இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பெரும்பாலும் நீக்கிவிட்டது.

குழுவின் அமைப்பும் நோக்கத்தக்கது. அவ்விதிகளின்படி குறைந்தது ஐந்து உறுப்பினர் வேண்டும். ஒருவர் விஞ்ஞானி அல்லாதவராதல் வேண்டும். ஒருவர் நிறுவனத்தைச் சாராதவராதல் வேண்டும். இவ்விரு தகுதியும் ஒருவரிடமே அமையலாம். நால்வர் துறையறிந்தோர், ஒருவர் வெளியார் என்ற அமைப்பு விதிக்கு முற்றும் இசைவானது. அந்த ஒருவரும் பெரும்பாலும் வழக்கறிஞராகவோ மதகுருவாகவோ ஓய்வுபெற்ற உத்தியோகத்தராகவோ இருப்பார். ஆய்வு நடக்கும் சேரியிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வரமாட்டார்.

சொற்கள் மாறிவருகின்றன என்பது உண்மை. ஆய்வுக்குட்படுவோரை ஆங்கிலம் 'சப்ஜெக்ற்' என்றது. ஆளப்படும் குடியையும் அதே சொல்லாற் குறித்தது. உலக மருத்துவ சங்கம் 1964இல் ஏற்ற ஹெல்சிங்கிப் பிரகடனம், 2024ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அச்சொல்லை விடுத்துப் பங்குபற்றுநர் எனக் கொண்டது. 1936ஆம் ஆண்டுத் தலைப்பின் இலக்கணத்தை எண்ணின் இம்மாற்றம் சிறிதன்று. ஆயினும் டஸ்கீகியிற் பங்குபற்றியோர் யாவர் என்பதிலேயே தெளிவில்லை. இணக்கத்தின்போது, உயிரோடிருந்த நோயாளருக்கு 37,500 டொலரும், நோயற்ற ஒப்பீட்டுக் குழுவினருள் உயிரோடிருந்தோருக்கு 16,000 டொலரும் என விலை வகுக்கப்பட்டது. அரசாங்கம் பொறுப்பேற்ற வாழ்நாள் மருத்துவ உதவி முதலில் ஆண்களுக்கே கிடைத்தது. 1975இல்தான் அவர்களின் மனைவியரும் விதவைகளும் பிள்ளைகளும் அதிற் சேர்க்கப்பட்டனர். நோய் அவர்களுட் சிலரையும் தொற்றியிருந்தது. சஞ்சிகைகள் ஆண்டுக்காண்டு கணக்கிட்டு வந்த 600 பேரில் அவர்கள் இல்லை.